முதல் வரைவு மாணவருடையது: மலைப்பள்ளியில் கட்டுரையும் நிரலும்

‘ஏற்காட்டைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதித் தா’ என்று சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்டுப் பாருங்கள். சில நொடிகளில் வந்துவிடும். ‘ஏழைகளின் ஊட்டி’ அதில் பெரும்பாலும் இருக்கும். படகுத்துறை, பகோடா முனை, லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் தெரியும் சேலத்து விளக்குகள், மே மாதக் கோடை விழா, காற்றில் மிதந்து வரும் காபி மணம் என்று எல்லாம் வரிசையாக வரும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவர் வரமாட்டார். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுப் பாதையில் மண் சரிந்தால், பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவதும் வராது. ஏற்காட்டைப் பற்றி இணையத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனவர்கள். அவர்கள் எழுதியதைப் படித்து வளர்ந்த கருவிக்கு வேறென்ன தெரியும்?

சேர்வராயன் மலையில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழும் கணினி அறிவியலும் நடத்தும் ஆசிரியர்களுக்காக இந்த இயல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வகுப்பில் எந்த இடத்தில் உள்ளே விடுவது, எந்த இடத்தில் வாசலிலேயே நிறுத்துவது என்பதுதான் பேச்சு. நான் சொல்லும் முறை எளிது. முதலில் மாணவர் எழுத வேண்டும். அதன் பிறகு கருவி வரலாம். கடைசிச் சொல்லும் மாணவருடையதாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கருவி வேலையை முடித்துத் தரும், மாணவர் எதையும் கற்றிருக்க மாட்டார்.

இது என் ஊகம் மட்டுமன்று. துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது; அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண உரையாடல் கருவியை வைத்துப் பயிற்சி செய்த மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியையே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியோடு பயின்றவர்களுக்கு இந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. கருவியை எப்படிப் பேச வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. நம் பிள்ளைகளும் பொதுத்தேர்வில் பேனாவும் தாளுமாகத்தான் உட்காரப் போகிறார்கள்.

கட்டுரை வகுப்பு

தலைப்பை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். ‘இயற்கை வளம் காப்போம்’, ‘நான் விரும்பும் தலைவர்’ போன்ற தலைப்புகளைக் கொடுத்தால் கருவியின் கட்டுரையே வந்து சேரும். அதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தத் தலைப்புகளில் கருவிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ‘எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை’, ‘காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எங்கள் வீடு’, ‘சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போகும் வழி’ என்று கொடுங்கள். இவற்றுக்கான செய்தி மாணவரிடமும் அவர் பாட்டியிடமும்தான் இருக்கிறது.

கால் மணி நேரம் கையால் எழுதட்டும். பிழையோடு இருக்கட்டும், அரைகுறையாக இருக்கட்டும். அந்தத் தாளில் தேதி போட்டு நீங்கள் கையெழுத்திட்டு விடுங்கள். இனிமேல்தான் கருவிக்கு வேலை. அதையும் திருத்துபவராக அழைக்க வேண்டாம், கேள்வி கேட்பவராக அழையுங்கள். தட்டச்சு செய்த கட்டுரைக்கு மேலே இப்படி ஒரு கட்டளை போதும்: “கீழே இருப்பது நான் எழுதிய கட்டுரை. இதைத் திருத்தாதே, மாற்றி எழுதாதே. ஏற்காட்டுக்கு வந்தே இராத ஒருவர் படித்தால் அவருக்குப் புரியாத ஐந்து இடங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி மட்டும் கேள்.”

வரும் கேள்விகளில் இரண்டு மூன்று உதவாதவையாக இருக்கும். மீதி நல்லவையாக இருக்கும். ‘பழத்தைப் பறித்து மில்லுக்குக் கொண்டுபோனோம்’ என்று மாணவர் எழுதியிருந்தால், மில்லில் என்ன நடக்கும் என்று கருவி கேட்கும். மாணவர் போய் விசாரிப்பார். தோல் நீக்குவது, ஊறவைத்துக் கழுவுவது, களத்தில் காயப்போடுவது, பார்ச்மெண்ட் என்று மூட்டை கட்டுவது என அப்போதுதான் கட்டுரைக்குச் சதை பிடிக்கும். இரண்டாம் வரைவையும் மாணவரே எழுத வேண்டும். கேள்விகளில் எதற்கு விடை எழுதினார், எதை ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்று கட்டுரையின் அடியில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்கு அந்த நான்கு வரிதான் முக்கியம். அதை வாசித்தாலே பிள்ளை எவ்வளவு யோசித்தது என்று தெரிந்துவிடும்.

எழுத்துப்பிழைக்கும் சந்திக்கும் பெரிய கருவிகளை நம்ப வேண்டியதில்லை. கேளாமலே வாக்கியத்தையும் மாற்றிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை ஐயமான இடத்தைச் சுட்டிக்காட்டும். ஏற்பதா விடுவதா என்று மாணவர் முடிவு செய்யலாம். வலி மிகும் இடம், மிகா இடம் நடத்தும் வாரத்தில் நாவியைத் திரையில் போட்டு, அது சொல்வது சரியா என்று வகுப்பையே தீர்ப்புச் சொல்ல வைத்தால் அந்தப் பாடம் நன்றாக நிற்கும்.

கருவி எழுதும் தமிழுக்கு ஒரு வாடை உண்டு. ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘என்றால் அது மிகையாகாது’, ‘ஒரு வரப்பிரசாதம்’, ‘கண்களுக்கு விருந்து’. நியாயமாகச் சொன்னால் இவற்றைக் கருவி கண்டுபிடிக்கவில்லை. நாமும் நம் உரைநூல்களும் ஐம்பது ஆண்டுகளாக எழுதிவந்ததைத்தான் அது திருப்பித் தருகிறது. இந்தத் தொடர்கள் வரும் இடத்தில் சிவப்புக் கோடு போடுங்கள், கருவி எழுதியதானாலும் மாணவர் எழுதியதானாலும். ஊரில் பிள்ளைகள் வீட்டில் பேசும் சொல்லைக் கருவி ‘தவறு’ என்று மாற்றினால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். உரையாடல் வரும் இடத்தில் அந்தச் சொல்லே நிற்கட்டும்.

தெரிந்த ஊரில் சோதிப்பது

கருவி தவறும் என்று பத்து முறை சொல்வதைவிட, மாணவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் அது தவறுவதை ஒருமுறை காட்டினால் போதும். இந்த மலை அதற்கு வாகான இடம்.

முதல் சோதனை: ‘ஏற்காட்டு மலையாளிகளைப் பற்றிச் சொல்’ என்று கேட்கச் சொல்லுங்கள். சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் வழக்கு அவர்களிடையே உண்டு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கேரளத்துக்குத் தாவும் கருவிகள் உண்டு. ஓணம், கதகளி என்று கதை விரியும். புதிய பதிப்புகள் சரியாகவே சொல்லலாம். சரியாகச் சொன்னால், ‘அவர்கள் எந்தக் கோயிலைக் கும்பிடுகிறார்கள், வீடு எப்படிக் கட்டுகிறார்கள்’ என்று அடுத்த கேள்விக்குப் போங்கள். எங்கே தடுமாறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அன்றைக்கு அவர்கள்தான் ஆசிரியர்கள். ஒரு பிள்ளையையும் பெயர் சொல்லி எழுப்பி ‘உங்கள் வழக்கத்தைச் சொல்’ என்று கட்டாயப்படுத்த வேண்டாம், விரும்புகிறவர் பேசட்டும்.

இரண்டாம் சோதனை எண்கள். ஏற்காடு ஊரின் உயரம் சுமார் 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி, அதாவது ஏறத்தாழ 1,623 மீட்டர். ஒன்று ஊர், மற்றொன்று உச்சி. ஒன்று மீட்டர், மற்றொன்று அடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட குறிப்புகள் இணையத்தில் ஏராளம். கருவியிடம் ‘ஏற்காட்டின் உயரம் எவ்வளவு’ என்று மூன்று மாணவர்கள் மூன்று விதமாகக் கேட்கட்டும். வரும் விடைகளைக் கரும்பலகையில் எழுதி, எது எதன் உயரம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அடியை மீட்டராக்கும் சிறு நிரலைக் கணினி ஆசிரியர் அதே வாரம் கொடுத்தால் இரண்டு பாடமும் ஒன்றாக நடக்கும்.

மூன்றாவது, கேள்வியிலேயே பொய் வைப்பது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர். பிற்காலத்தில் ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார், 1912-ல் மறைந்தார். ஏற்காட்டில் உள்ள மான்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது 1917-ல். இப்போது கருவியிடம் இப்படிக் கேளுங்கள்: “புரூஸ் ஃபூட் ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்?” நல்ல கருவி, ஆண்டு ஒத்துவரவில்லையே என்று திருப்பிச் சொல்லும். மற்றது கேட்டவருக்குத் தலையாட்டி, அவர் நிலவியல் நடத்தினார் என்று பத்தி பத்தியாக எழுதும். கேட்பவரைத் திருப்திப்படுத்தும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. காபியை இங்கே கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் சேலம் ஆட்சியர் காக்பர்னை வைத்தும் இதே போலக் கேள்வி செய்யலாம்; அவர் காலம் 1820-கள்.

கண்டுபிடிக்கும் கருவிகளை விடுங்கள்

‘இதை மாணவர் எழுதினாரா, கருவி எழுதியதா?’ என்று கண்டு சொல்வதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை வைத்து ஒரு பிள்ளையின் மேல் குற்றம் சொல்லாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை அவை ‘இயந்திரம் எழுதியது’ என்றன. எளிய சொற்களில் நேராக எழுதியதுதான் அந்த மாணவர்கள் செய்த குற்றம். நம் மலைப் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அப்படித்தான் இருக்கும்.

ஐயம் வந்தால் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ‘இந்தப் பத்தியில் நீ சொல்ல வந்தது என்ன?’ என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். தேதி போட்ட முதல் தாள் வேறு உங்களிடம் இருக்கிறது. அவ்வளவு போதும்.

நிரல் வகுப்பு

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பாடநூலின் பயிற்சி நிரல்கள் எல்லாவற்றையும் கருவி ஒரு மூச்சில் எழுதித் தந்துவிடும். ஆகவே கருவிக்கு எளிதில் கைவராத ஒன்றில் தொடங்குவோம்.

‘ஏற்காடு’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஏ, ற், கா, டு: நான்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தானில் லென் செயற்கூற்றிடம் கேட்டால் 7 என்கிறது. யூனிகோடில் ‘கா’ என்பது க என்ற குறியும் துணைக்காலுமாக இரண்டு, ‘ற்’ என்பது ற-வும் புள்ளியுமாக இரண்டு, ‘டு’வும் இரண்டு, ஏ ஒன்று. ஆக ஏழு. ‘சேர்வராயன்’ ஆறு எழுத்து, லென் 10 சொல்லும். சரத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் இன்னும் வேடிக்கை: ‘டு’வில் இருந்த உகரக்குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் தொங்கும்.

இந்தக் கேள்வியைக் கருவியிடமும் கேளுங்கள். ‘ஏற்காடு’ என்பதில் எத்தனை எழுத்து என்றால் சில நேரம் 4, சில நேரம் 5, சில நேரம் 7. உரையாடல் கருவிகள் சொல்லை எழுத்தாகப் பார்ப்பதில்லை. துண்டுகளாக உடைத்துப் பார்க்கின்றன, அந்தத் துண்டு தமிழ் எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாணவர் தானே விதி எழுதி, உயிர்க்குறியையும் புள்ளியையும் முன் எழுத்தோடு சேர்த்து எண்ணும் நிரலை எழுதட்டும். மூன்று வகுப்பு எடுக்கும், எடுக்கட்டும். முடித்தபின், இதே வேலையைச் செய்யும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தைக் காட்டுங்கள். ‘நாம் எழுதியதை வேறு தமிழர்களும் எழுதி எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள்’ என்று தெரிவது பிள்ளைகளுக்கு உற்சாகம்.

அடுத்த பயிற்சி காபிப் பழம். ஒருவர் ஒரு வாரத்தில் பறித்த கிலோ: திங்கள் 42, செவ்வாய் 38, புதன் விடுப்பு, வியாழன் 45, வெள்ளி 40, சனி மழை. ஒரு நாள் சராசரி என்ன? கூட்டுத்தொகை 165. பறித்த நாள்களால் வகுத்தால் 41.25. விடுப்பை மட்டும் கழித்து ஐந்தால் வகுத்தால் 33. ஆறால் வகுத்தால் 27.5. கருவியிடம் ‘சராசரி காணும் நிரல் எழுது’ என்றால் இந்த மூன்றில் ஒன்றைப் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே தேர்ந்துகொள்ளும். நிரல் பிழையில்லாமல் ஓடும், திரையில் எண் வரும், மாணவர் கைதட்டுவார். எது சரி? ஒருவர் கைவேகம் தெரிய வேண்டுமென்றால் 41.25. அடுத்த வாரத்துக்கு எத்தனை மூட்டை எடுத்துவைப்பது என்றால் மழையையும் விடுப்பையும் சேர்த்த 27.5 பொருந்தும். விடுப்பு அவர் விருப்பம், மழை நம் கையில் இல்லை என்று பார்ப்பவருக்கு 33. இந்த முடிவைத் தோட்டம் தெரிந்தவர்தான் எடுக்க முடியும். பாடநூல் தருக்கப் பிழை என்று சொல்வது என்ன என்பது இங்கே பளிச்சென்று விளங்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இதில் ஓர் ஒழுங்கைக் கட்டாயமாக்குங்கள். நிரல் எழுதும் முன், கருவியைத் தொடும் முன், மூன்று மாதிரி உள்ளீடுகளும் அவற்றுக்கான விடைகளும் நோட்டில் கையால் இருக்க வேண்டும். எல்லா நாளும் வேலை செய்த வாரம் ஒன்று; இடையில் நாள் விட்ட வாரம் ஒன்று; ஒரு நாளும் போகாத வாரம் ஒன்று. பறித்த நாள்களால் வகுக்கும் நிரலானால், மூன்றாவதில் சுழியத்தால் வகுக்க நேர்ந்து பாதியில் நிற்கும். கருவி எழுதிய நிரலும் அங்கே நிற்கலாம். நோட்டில் விடை இருந்தால் மாணவர் பிடித்துவிடுவார், இல்லாவிட்டால் பார்க்காமலே போவார்.

பிழை திருத்தும்போது கருவிக்கு இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்: “நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. கீழே உள்ள பைத்தான் நிரல் நான் எழுதியது. திருத்திய நிரலைத் தராதே. பிழை எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று ஒரு குறிப்புக் கொடு. பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேள்.” ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தில் 2023 முதல் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் ‘வாத்து’ என்ற உதவிக் கருவியும் இந்த வழியில்தான் நடக்கிறது: விடையைக் கொட்டாமல் வழி மட்டும் காட்டும். நமக்குத் தனிக் கருவி தேவையில்லை. மேலே உள்ள கட்டளையே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டு மூன்று கேள்விக்குப் பிறகு கருவி தன் பழக்கத்துக்குத் திரும்பி முழு நிரலையும் தந்தால், கட்டளையை மறுபடி ஒட்டிவிட வேண்டும்.

இணைப்பு இல்லாத நாள்

மூடுபனியும் இடியும் மின்வெட்டும் இருக்கும் மலையில் இணையத்தை நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது. அதற்காகக் கலங்க வேண்டாம். சேலம் போகும்போது கருவியின் விடை ஒன்றை அச்சிட்டு வந்தால், ஒரே தாளை வைத்து ஒரு வகுப்பு முழுக்க நடத்தலாம். புரூஸ் ஃபூட் விடையோ, ஏற்காட்டுக் கட்டுரையோ, விடுப்பு நாளைத் தவறாக எண்ணும் நிரலோ எதுவானாலும் சரி. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நகல், ஒரு சிவப்புப் பேனா. தவறு எங்கே, எப்படித் தெரியும், யாரைக் கேட்டால் உறுதியாகும் என்று மூன்றையும் ஓரத்தில் எழுதட்டும். என் கணக்கில், கணினி முன்னால் உட்காரும் வகுப்பைவிட இந்த வகுப்பில் கற்பது கூடுதல். பைத்தான் நிரல்களை ஓட்டவும் இணையம் வேண்டாம். ஒருமுறை கணினியில் நிறுவினால் போதும்.

மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்று கேட்பார்கள். பத்துக்கு இறுதி வடிவத்துக்கு நான்கு, முதல் தாளுக்கும் மாற்றிய காரணத்துக்கும் நான்கு, வாய்மொழியாக விளக்குவதற்கு இரண்டு என்று வைக்கலாம். நிரலானால், ‘இந்த வரியை மாற்றினால் என்ன விடை வரும்?’ என்று ஒன்றைக் கேட்டால் போதும். தானே எழுதியவர் யோசித்துச் சொல்வார்.

கணக்குத் தொடங்கும் முன்

சாட்ஜிபிடி கணக்குக்குக் குறைந்த வயது 13. 18 வயதுக்குள் இருப்பவருக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. யுனெஸ்கோவும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டலில் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13 வயதை எல்லையாகச் சொல்கிறது. நம் நாட்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எனவே கட்டுரையை ஒட்டும் முன் பெயர், எமிஸ் எண், ஆதார் எண், ஊர், சாதிச் சான்றிதழ் விவரம், வீட்டு நிலைமை எதுவும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் அப்பா குடிப்பார்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அந்தத் தாள் உங்களிடமே இருக்கட்டும்; எந்தக் கருவிக்குள்ளும் போக வேண்டாம்.

பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரிடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாயால் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை மாணவர் பெயரில் கணக்குத் தொடங்காதீர்கள். ஆசிரியரின் ஒரே கணக்கும், வகுப்புச் சுவரில் விழும் ஒரே திரையும் முதல் பருவத்துக்குத் தாராளம்.